ஆன்லைன் ரம்மியில் எவ்வளவு விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை

போன மாதம் எங்கள் கம்பெனியில் செக்கிங் பிரிவுத் தம்பி ஒருவன் என்னிடம் ஐயாயிரம் ரூபாய் கைமாற்று கேட்டான். எதற்கு என்றேன். "அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கணும்ண்ணா" என்றான். மூன்று வருடத்துக்கு முன் நான் மூன்று பேரிடம் சொன்ன அதே வாக்கியம். ஸ்கேன் கூட மாறவில்லை. "எந்த ஸ்கேன் சென்டர்னு சொல்லு, நானே வந்து கட்டிடறேன்" என்றேன். பதில் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டான். அவனிடம் நேரில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். எனக்கு அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், அதற்கு மேல் ரிஜெக்‌ஷனுக்கு இத்தனை சதவீதம் என்று பைசா சுத்தமாகக் காஸ்டிங் போடுவதுதான் என் பிழைப்பு. சீட்டாட்டம் எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்தால் என் கையில் பதிமூன்று சீட்டு இருக்கும். சொந்தபந்தத்தில் எனக்கு நல்ல ஆட்டக்காரன் என்று பெயர். அந்தப் பெயர்தான் என்னைக் கவிழ்த்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒன்றும் தெரியாதவன் இரண்டாயிரம் விட்டதும் ஓடிவிடுவான். நமக்குத் தெரியும் என்று நினைக்கிறவன்தான் உட்கார்ந்திருப்பான்.

2021 ஆகஸ்ட் 3ஆம் தேதி, தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதுவரை அடங்கியிருந்த விளம்பரங்கள் மறுபடி போனில் வரத் தொடங்கின. அடுத்த மாதம் 500 ரூபாய் போட்டு ஆரம்பித்தேன். முதல் மாதத்திலேயே 2,300 ரூபாய் எடுத்தேன். பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த சத்தத்தை இன்றும் மறக்கவில்லை. வீட்டுக்குப் பிரியாணி வாங்கிப் போனேன். மனைவியிடம் "ரம்மில ஜெயிச்சேன்" என்று பெருமையாகச் சொன்னேன். இந்த விஷயத்தில் நான் அவளிடம் சொன்ன கடைசி உண்மை அதுதான். யாராவது மனதுக்குள் மறுத்துப் பேசினால் எனக்குப் பதில் தயாராக இருந்தது: ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டே 1968இல் சொல்லியிருக்கிறது, இது சூதாட்டம் இல்லை என்று. தீர்ப்பு உண்மைதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கும் அதே திறமை இருக்கும், என்னைவிடப் பெரிய பையும் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஊருக்கெல்லாம் காஸ்டிங் போடுகிற நான் இதற்குப் போடாத கணக்கு ஒன்று உண்டு. பாயிண்ட் ஐந்து ரூபாய் டேபிள் என்றால், தோற்கும்போது அதிகபட்சம் போவது, அதாவது ஃபுல் கவுண்ட், 80 பாயிண்ட், 400 ரூபாய். முதல் சீட்டு எடுப்பதற்கு முன்பே ஸ்கூட் விட்டால், அதாவது ஆட்டத்திலிருந்து விலகினால், 20 பாயிண்ட், 100 ரூபாய். நடுவில் விட்டால் 40 பாயிண்ட், 200 ரூபாய். இது எல்லா ஆட்டக்காரனுக்கும் தெரியும். நான் ஆடிய இடத்தில், ஜெயிக்கிற தொகையில் 15 சதவீதம் செயலிக்காரர்களுக்குக் கமிஷன். இரண்டு பேர் ஆடுகிற டேபிளில் ஒரு ஆட்டம் 400 தோற்று, அடுத்த ஆட்டம் 400 ஜெயித்தால் நமக்குச் சரிக்குச் சரி என்று தோன்றும். ஆனால் கைக்கு வருவது 340தான். அறுபது ரூபாய் போயாகிவிட்டது. ஒரு ஆட்டம் மூன்று நான்கு நிமிடம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் உட்கார்ந்தால் இருபது ஆட்டம், பத்தில் தோற்றுப் பத்தில் ஜெயித்தாலும் 600 ரூபாய் காலி. யாரிடமும் தோற்காமலேயே காலி. இதே கணக்கில் ஒரு பையர் என்னிடம் ஆர்டர் கொடுத்திருந்தால் போனைக் கூட எடுத்திருக்க மாட்டேன். இதைப் படிக்கிற நீங்கள் இப்போது ஆடுகிறவராக இருந்தால், விடுவது ஜெயிப்பது எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் டேபிளின் கமிஷன் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் என்று இதை மட்டும் பெருக்கிப் பாருங்கள்.

ஆறேழு மாதத்தில் இரண்டு ரூபாய் டேபிள் ஐந்தாகி, பத்தாகி, இருபதானது. சாம்பிள் அப்ரூவல் மெயில் வரக் காத்திருக்கும் நேரம் எல்லாம் ஆட்டம். கம்பெனி மொட்டை மாடி, வீட்டுக் கழிப்பறை, வண்டியை நிறுத்திவிட்டுப் பெட்ரோல் பங்க் ஓரம். போனை எப்போதும் கவிழ்த்து வைப்பேன். வங்கி எஸ்எம்எஸ்களை வந்ததும் அழிப்பேன். ஜெயித்த நாள் குழந்தைக்கு ஏதாவது வாங்கிப் போவேன். தோற்ற நாள் சாம்பாரில் உப்பில்லை என்று கத்துவேன். என் முகத்தைப் பார்த்தே பையன் ஒதுங்கிப் போகப் பழகியிருந்தான் என்பது எனக்கு அப்போது தெரியவே இல்லை, பின்னால் மனைவி சொல்லித்தான் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் பணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். நேரங்கெட்ட கோபத்தையும் காரணமில்லாத தாராளத்தையும் கவனித்தால் போதும்.

2022 ஜூன் மாதத்து ராத்திரி ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். பையனின் பள்ளிக் கட்டணத்துக்காக 42,000 ரூபாய் கணக்கில் இருந்தது. ராத்திரி 11:40க்கு ஆயிரம் மட்டும் போட்டேன். கை வரவே இல்லை. மூன்று தடவை ஸ்கூட் விட்டேன். நான்காவது கையில் ஒரிஜினல் ரம்மி, அதாவது ஜோக்கர் சேராத வரிசை, விழுந்துவிட்டது, கிளாவர் ஏழு ஒன்று வந்தால் டிக்ளேர், ஆட்டம் எனக்கு. அந்த ஏழுக்காகக் காத்திருந்தபோது எதிராளி டிக்ளேர் செய்துவிட்டான். அந்த ஒரு சீட்டு வந்திருந்தால், வந்திருந்தால் என்று மனது அதையே சுற்றியது. மறுபடி இரண்டாயிரம். பாயிண்ட் பத்து ரூபாய் டேபிளில் விட்டதைப் பிடிக்க நேரமாகும் என்று இருபது ரூபாய் டேபிளுக்குப் போனேன். அங்கே ஒரு ஃபுல் கவுண்ட் 1,600. இடையில் ஒரு முறை எட்டாயிரம் வரை மீண்டும் வந்தது. அப்போது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, முழுசாக வரட்டும் என்று நினைத்தேன். பால்காரர் வண்டிச் சத்தம் கேட்டபோது மணி 4:10. செயலியில் மீதி 38 ரூபாய். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது: பள்ளிக் கட்டணம் போனதைவிட, ஆட இன்னும் கொஞ்சம் பணம் இல்லையே என்பதுதான் அந்த நிமிடத்தில் என்னை உறுத்தியது. அதே ஜூனில்தான் ஆன்லைன் ரம்மி பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு போட்டது. கடன் தாங்காமல் உயிரை விட்டவர்கள் பற்றிய செய்தி பேப்பரில் வந்துகொண்டிருந்தது. "ஆடத் தெரியாதவங்க" என்று பக்கத்தைத் திருப்பினேன்.

விட்டதைப் பிடிக்கப் போவதுதான் கோடு. அதற்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை அது பொழுதுபோக்கு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். நேற்று விட்ட தொகையை மனதில் வைத்து இன்று எவ்வளவு போடுவது என்று முடிவு செய்தால் தாண்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு "ஒரு நாளைக்கு ஆயிரம்தான்" என்பது போன்ற சபதம் எல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணி ஆளிடம் செல்லாது. சபதம் எடுக்கிறவன் காலை ஒன்பது மணி ஆள். இருவரும் வேறு வேறு.

பள்ளிக் கட்டணத்தை ஈடுகட்ட ஒரு கடன் செயலியில் 8,000 கேட்டேன். கழிவு போகக் கைக்கு வந்தது 5,200. ஏழாம் நாள் 8,000 கட்ட வேண்டும். அதைக் கட்ட இன்னொரு செயலி. அக்டோபரில் பர்சனல் லோன் இரண்டரை லட்சம், வீட்டு மராமத்து என்று சொல்லி வாங்கினேன். மனைவியின் நகை 1,40,000க்கு அடகுக்குப் போனது, கம்பெனி பார்ட்னர்ஷிப் என்று ஒரு கதை சொன்னேன். ஏலச்சீட்டுக்கு மாதாமாதம் மனைவி என்னிடம் கொடுத்த ஐயாயிரத்தையும் ஆடினேன். கடன் செயலிக்காரர்கள் என் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் என்னைத் திருடன் என்று செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். இதில் நான் தாமதமாகச் செய்த நல்ல காரியம் ஒன்று: என் தொடர்பில் உள்ள எல்லோருக்கும் நானே, "என் பெயரில் மிரட்டல் செய்தி வரும், நான் ஒரு கடன் செயலியில் மாட்டியிருக்கிறேன், பணம் அனுப்ப வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பினேன். அவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் என் மானம். நானே உடைத்துச் சொன்ன பிறகு அது மழுங்கிவிட்டது. முதல் மிரட்டலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது செயலியில் கடன் வாங்கியிருக்கவே கூடாது.

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்க, சீட்டுக்கார அக்கா வந்துட்டுப் போச்சு. மூணு மாசமா பணம் வரலையாமா" என்றாள். குரலில் கோபமே இல்லை. நான் என்னவோ பொய் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. அந்த ராத்திரி உயிரோடு இருப்பதே வீண் என்கிற எண்ணம் வந்தது. மறைக்க விரும்பவில்லை, வந்தது. மனைவி அதைக் கண்டுபிடித்துத் தன் தம்பிக்குப் போன் செய்து வரவழைத்தாள். அவன் இரவு முழுக்க என் பக்கத்திலேயே படுத்திருந்தான். விடிந்ததும் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு அவனே போட்டுக் கொடுத்தான். இலவசம், தமிழில் பேசலாம். எதிர்முனையில் இருந்த பெண் என்னிடம் பணத்தைப் பற்றி முதலில் கேட்கவில்லை, சாப்பிட்டீர்களா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அந்த நிலைமையில் இருப்பவர்கள் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டு அந்த எண்ணுக்குப் பேசுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் கேட்டான்: "மொத்தம் எவ்வளவு போச்சு மாமா?" ரெண்டு, ரெண்டரை லட்சம் இருக்கும் என்றேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். அவன் நம்பவில்லை. வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்தான். 61 பக்கம். போட்டதற்கு ஆரஞ்சு ஹைலைட்டர், எடுத்ததற்குப் பச்சை என்று மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கோடு போட்டோம். பல பக்கங்கள் முழுக்க ஆரஞ்சு. 500, 500, 1,000, 500, 2,000, ஒரே ராத்திரியில் இருபத்திமூன்று தடவை. போட்டது 19,46,500. எடுத்தது 12,90,000. போனது 6,56,500. சேமிப்பு 1,20,000, பர்சனல் லோன் 2,50,000, நகை 1,40,000, கிரெடிட் கார்டு 85,000, மீதி கைமாற்றும் கடன் செயலியும் சீட்டுப் பணமும். ஜெயித்ததை எல்லாம் நான் மனதில் வைத்திருந்தேன், போட்டதை வைத்திருக்கவில்லை. எடுத்த பன்னிரண்டு லட்சமும் கையில் நிற்கவில்லை, மறுநாளே திரும்பப் போயிருந்தது. ஆடுகிறவர் ஒவ்வொருவரும் இந்த ஒரு வேலையைச் செய்யுங்கள் என்பேன். செயலி காட்டும் கணக்கு வேண்டாம், வங்கி ஸ்டேட்மென்ட், காகிதத்தில், இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது.

அதோடு திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். 47 நாள் தொடவில்லை. ஏப்ரல் 7, புனித வெள்ளி விடுமுறை. வீட்டில் யாரும் இல்லை. ஜெயித்த காலத்தில் என்னிடம் அடிக்கடி பேசுகிற, செயலிக்காரர்களின் 'மேனேஜர்' ஒருவர் உண்டு, அவர் அழைத்து, "சார், ரொம்ப நாளா காணோம், உங்களுக்காக ஸ்பெஷல் போனஸ் போட்டிருக்கேன்" என்றார். ஆயிரம் ரூபாய் லிமிட் வைத்து ஆடுவோம் என்று இறக்கினேன். இரண்டு ராத்திரியில் 18,000. மூன்று நாள் கழித்துத் திங்கட்கிழமைதான் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் கொடுத்தார் என்ற செய்தி வந்தது. எனக்குச் சிரிப்புக் கூட வரவில்லை.

இந்த முறை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். இது குணக்கேடு இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே சூதாட்டக் கோளாறு என்று இருக்கிறது என்றார் மருத்துவர். அதைக் கேட்டு மனது லேசானது, அதே சமயம் கொஞ்சம் எரிச்சலும் வந்தது, நோய் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்வேனோ என்று. அவர் தப்பிக்க விடவில்லை. "லிமிட் வெச்சு ஆடுறது சிலரால முடியும். உங்களால முடியலைன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க" என்றார். மச்சினன் கடன் முழுவதையும் ஒரே தடவையில் அடைத்துவிடத் தயாராக இருந்தான். அதை வேண்டாம் என்றார் மருத்துவர். ஒரேயடியாகக் கடன் தீர்ந்தால் மறுபடி ஆட வழி திறந்துவிடும், உதவுவதென்றால் கடன்காரருக்கு நேராகக் கட்டுங்கள், இவர் கையில் கொடுக்காதீர்கள் என்றார். இன்று வரை அப்படித்தான்.

மனதைக் கட்டுப்படுத்துவதை விட்டுவிட்டுப் பணம் போகிற பாதையை அடைத்தோம். சம்பளக் கணக்கிலிருந்து முதல் தேதியே மனைவி கணக்குக்கு மாறும்படி வங்கியில் நிலையான உத்தரவு. என் யூபிஐ ஒரு நாள் வரம்பு 500. கிரெடிட் கார்டை மூடியாயிற்று. செயலிக்காரர்களுக்கு மெயில் எழுதிக் கணக்கை நிரந்தரமாக முடக்கச் சொன்னேன், அந்த மேனேஜர் எண்ணையும் அடைத்தேன். ராத்திரி பத்து மணிக்கு ஸ்மார்ட்போன் மாமியார் அறையில், என்னிடம் பட்டன் போன். முதலில் அவமானமாக இருந்தது. முப்பத்தாறு வயதில் மனைவியிடம் டீக்காசு கேட்பது சாதாரணமில்லை. ஆனால் ஆசை வருகிற வேகம் அதிகபட்சம் இருபது முப்பது நிமிடம்தான் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். அந்த நேரத்தில் பணத்துக்கு வழி இல்லை என்றால் அது தானாக வடிந்துவிடும்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் ஆன்லைன் விளையாட்டு ஆணையம் ராத்திரி 12 முதல் காலை 5 வரை காசு ஆட்டம் கூடாது என்று விதி கொண்டுவந்தது, உயர் நீதிமன்றமும் அந்த ஜூனில் அதை ஏற்றது. என் 42,000இல் முக்கால்வாசி போனது அந்த நேரத்தில்தான். ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் நிறைவேற்ற, பெரிய செயலிகள் சட்டென்று நிறுத்தின. இனி பிரச்சினை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அக்டோபரில் டெலிகிராமில் எனக்கு ஒரு செய்தி வந்தது, வெளிநாட்டுத் தளம், ஐடி வாங்க ஏஜெண்ட் எண், முதல் டெபாசிட்டுக்கு இரட்டிப்பு. அங்கே பணம் வராவிட்டால் கேட்க ஆளே கிடையாது. அந்தச் சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவருக்கும் விளம்பரம் செய்கிறவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்கிறவருக்கும்தான். போலீஸ் பயத்தில் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். செய்தியை மனைவியிடம் காட்டினேன். அவளே எண்ணை அடைத்துவிட்டு, "எத்தன மணிக்கு வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

பர்சனல் லோன் இன்னும் ஒன்பது தவணை இருக்கிறது. நகையில் பாதி திரும்பிவிட்டது. அந்த செக்கிங் தம்பியிடம் இரண்டு வாரம் முன்பு மறுபடி பேசினேன், ஸ்கேன் பற்றிக் கேட்கவில்லை. ஸ்டேட்மென்ட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, இரண்டு கலர் ஹைலைட்டர் என்னிடம் இருக்கிறது என்றேன். சரிண்ணா என்றான். இரண்டு ஞாயிறு போய்விட்டது, இன்னும் வரவில்லை.